பன்னிரண்டு கிலோ நானூறு

நான் முப்பத்தோரு வருஷம் கரும்பு லாரி ஓட்டியவன். ஆலை வாசலில் எடை மேடைமேல் லாரி ஏறும்போதெல்லாம் அங்கே யாரோ யாரையோ ஏமாற்றிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் கரும்பில் தண்ணீர் அடித்துக்கொண்டு போவோம். வேர்மண்ணைத் தட்டாமல் விட்டுவைப்போம். மேடைக்காரன் எங்களுக்கு மேலே போய், கழிவு என்று சொல்லித் தன் இஷ்டத்துக்குக் குறைப்பான். அதனால் எடை என்று யார் எதைச் சொன்னாலும் நான் சட்டென்று நம்புகிறவன் இல்லை.

என் பேத்தி வெனிங்கின் எடை ஏறவில்லை என்று இபு எண்டார் சொன்னபோதும் நான் நம்பவில்லை.

எங்கள் ஊரில் மாதம் ஒரு முறை, ஊர்த்தலைவர் வீட்டு முன்கூடத்தில், ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளை எடை போடுவார்கள். உத்தரத்தில் ஒரு தூக்குக்கோல் தொங்கும். அதன் கொக்கியில் துணியால் தைத்த ஒரு தொட்டில். பிள்ளையை அதில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, கோலில் குண்டை நகர்த்தி நிறுத்து, அட்டையில் புள்ளி வைப்பார்கள். மாதாமாதம் புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். பச்சையில் ஓடினால் நல்லது. மஞ்சள் என்றால் கவனம். சிவப்புக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. இதையெல்லாம் பார்க்கிறவர் இபு எண்டார். எங்கள் பக்கத்தில் மரியாதைக்குப் பெண்களை இபு என்போம், ஆண்களைப் பாக் என்போம். நாற்பது வயது, கணவருக்குக் கோழிப்பண்ணையில் வேலை. இந்த எடை போடுகிற வேலைக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்கள்மேல் எனக்குச் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

"பன்னெண்டு கிலோ நானூறு," என்றார். "போன மாசமும் இதே. அதுக்கு முந்தின மாசமும் இதே. நாலு வயசுப் பிள்ளைக்கு இது பத்தாது பாக் துகிரான். மஞ்சள்ல நிக்குது. அதுவும் அடிமஞ்சள்."

"உங்க கோல் நின்னுபோச்சு," என்றேன். "பிள்ளை நிக்கல."

வீட்டுக்குப் போனேன். முந்தின நாள் வாங்கிய ஐந்து கிலோ அரிசிப் பை பிரிக்காமல் இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். கூடத்தில் பதினைந்து தாய்மார்கள் இருந்தார்கள்.

"இதைத் தொங்க விடுங்க. அஞ்சு கிலோ காட்டுதான்னு பாப்போம்."

இபு எண்டார் பையைத் தொங்கவிட்டார். கோல் நாலு கிலோ எழுநூறில் நின்றது.

"பாத்தீங்களா. முந்நூறு கிராம் முழுங்குது உங்க கோல். எத்தனை மாசமா எத்தனை பிள்ளைங்க எடையை முழுங்குச்சோ."

அவர் அலமாரியைத் திறந்தார். சுகாதார நிலையத்து முத்திரை குத்திய இரும்புக்கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிவந்து கொக்கியில் மாட்டினார். ஐந்து கிலோ கல். கோல் சரியாக ஐந்தில் நின்றது.

மூலையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். தாத்தாவை எங்கள் ஊரில் எம்பா என்போம்.

"எம்பா, அது எந்தக் கடை அரிசி? நானும் அங்கதான் வாங்குறேன்."

"நானும்தான்," என்றாள் இன்னொருத்தி. கூடமே சிரித்தது. வெனிங்கும் சேர்ந்து சிரித்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

அரிசிக்கடைக்காரனிடம் பேச வேண்டியதைப் பேசினேன். அது வேறு கதை. கோல் சரி என்றால் பிள்ளைதான் ஏறவில்லை என்று அர்த்தம். அதுதான் எனக்கு உறுத்தியது.

உறுத்தியதற்குக் காரணம் இருந்தது. வெனிங்கின் அம்மா, என் மகள் ருஸ்மி, தைவானில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. திரும்பிவர இன்னும் ஒரு வருஷம். மருமகன் கலிமந்தான் தீவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருக்கிறான், பெருநாளுக்குப் பெருநாள் முகம் காட்டுவான். என் மனைவி போய்ச்சேர்ந்து ஆறு வருஷம். வீட்டில் நானும் வெனிங்கும் மட்டும்தான். மருமகனுடைய அக்காள் ஹர்தினி சிடோஅர்ஜோ டவுனில் இருக்கிறாள். சொந்த வீடு, கார், இரண்டு பையன்கள். பெண் பிள்ளை இல்லை. ஆம்பளை கையில் ஒரு பெண் பிள்ளையை விடுவதா, என்னிடம் கொடு என்று ருஸ்மி புறப்பட்ட நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். ருஸ்மி அப்போது சொன்ன வார்த்தை எனக்கு மறக்கவில்லை. "அப்பாவால முடியலன்னா அண்ணிகிட்ட விட்டுடுறேன்."

என்னால் முடியவில்லை என்று எவளாவது அட்டையில் எழுதிவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

மறுநாள் இபு எண்டார் வீட்டுக்கே வந்துவிட்டார். அழைக்கவில்லை. வந்ததும் நேரே அடுப்படிக்குப் போனார்.

"பிள்ளை என்ன சாப்பிடுறா?"

"பால்."

"எத்தனை தடவை?"

"ஆறு பாட்டில். சில நாள் ஏழு."

"சோறு?"

"அவ்வளவு பால் குடிக்கிற பிள்ளைக்குச் சோறு எங்க எறங்கும்? ரெண்டு வாய் வாங்குவா. பாக்கெட் நூடுல்ஸ்னா கொஞ்சம் கூடப் போகும். சாயந்தரம் சிப்ஸ்."

"பாலைக் காட்டுங்க."

பெருமையோடு காட்டினேன். அலமாரியில் ஐந்து டப்பா வரிசையாக அடுக்கியிருந்தேன். பாலுக்கு மட்டும் குறை வைக்காதீங்கப்பா என்று ருஸ்மி போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். தினமும் மாலையில் வெனிங் பாட்டிலும் கையுமாகப் போன் முன்னால் உட்காருவாள். அந்தப் பக்கம் ருஸ்மி அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவாள்.

இபு எண்டார் ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா பால்?"

"பின்னே? டப்பாவிலேயே பால் கிளாஸ் படம் போட்டிருக்கு. ரெண்டு கரண்டி எடுத்துச் சுடுதண்ணியில கலக்குவேன். என் மூணு பிள்ளைங்களும் இதைக் குடிச்சுத்தான் வளந்தாங்க."

"படத்தைப் பாத்தீங்க. பக்கத்துல எழுதியிருக்கிறதைப் படிங்க."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். லாரியில் மைல்கல் படிப்பேன், ஆலைச் சீட்டு படிப்பேன், அவ்வளவுதான். ஜன்னலோரம் போய் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. இதை மட்டும் சத்தாக நம்பக் கூடாது.

இரண்டாம் முறையும் படித்தேன். மாறவில்லை.

"இது கெட்டியாக்கின இனிப்புப் பால். கிட்டத்தட்டப் பாதி சர்க்கரை, பாக். காப்பியில ஊத்திக்க, ரொட்டியில தடவிக்கன்னு செஞ்ச சாமான். இது வயித்தை ரொப்பிடும். அப்புறம் பிள்ளைக்குச் சோறு எப்படிக் கேக்கும்? வெனிங், வாயைத் திற, இபு பாக்கட்டும்."

வெனிங் வாயைத் திறந்தாள். முன்பற்கள் இரண்டும் கறுத்து அரித்திருந்தன. எனக்கு அது தெரியும். விழுகிற பல்தானே என்று விட்டிருந்தேன்.

முப்பத்தோரு வருஷம் சர்க்கரைக்குக் கரும்பு சுமந்தவன் நான். ஊரில் யாரையும் நம்பாதவன். போலீஸ்காரனை நம்பியதில்லை, தலைவரை நம்பியதில்லை, சொந்தத் தம்பியை நம்பியதில்லை. ஒரு தகர டப்பாவை நம்பியிருக்கிறேன்.

அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தினேன். எனக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஐந்து டப்பாவையும் அடுத்த வீட்டுச் சாமிஜானிடம் கொடுத்தேன். அவனும் பழைய லாரிக்காரன், காப்பியில் ஊற்றிக்கொள்வான். பாட்டிலை உடைத்துப் போட்டேன். சிப்ஸ் இல்லை, நூடுல்ஸ் இல்லை, மிட்டாய் இல்லை. சோறும் கீரையும், சோயாப்பயறைப் புளிக்கவைத்துச் செய்கிற தெம்பேயும் வைத்து, "தின்னு" என்றேன்.

வெனிங் வாயை மூடிக்கொண்டாள். அவள் என் ரத்தம். மூடினால் மூடியதுதான்.

மூன்றாம் நாள் எனக்கே பயம் வந்துவிட்டது. ஐந்து வாய் சாப்பிட்டால் ஒரு மிட்டாய் என்றேன். உடனே சாப்பிட்டாள். ஒன்று, இரண்டு என்று அவளே எண்ணினாள். ஐந்து முடிந்ததும் கையை நீட்டினாள். மிட்டாயைக் கொடுத்தேன். கன்னத்தில் அடக்கி வைத்திருந்த ஐந்து வாய்ச் சோற்றையும் கிணற்றுக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்து மிட்டாயைப் போட்டுக்கொண்டாள். கோழிகள் அங்கே கூடியதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இப்படி எத்தனை நாள் நடந்ததோ.

ஒரு நாள் சாமிஜான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டான்.

"டேய் துகிரான், உன் பேத்தியைப் பட்டினி போடுறியா?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. என் காப்பிப் பால் தினமும் காணாமப் போவுது. இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிச்சேன். டப்பாவில ஓட்டை போட்டு உறிஞ்சுறா. ஓட்டை போட ஆணி எங்கேருந்து எடுத்தான்னு நெனைக்கிற? உன் சாமான் பெட்டியிலேருந்து."

டப்பா போன வழியிலேயே அவளும் போயிருக்கிறாள். நான் கோபப்பட்டிருக்க வேண்டும். பெட்டியில் சரியான ஆணியைத் தேடி எடுத்திருக்கிறாளே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த எடையில் பன்னிரண்டு கிலோ நூறு. ஏறவில்லை என்பது போய் இறங்கிவிட்டது. சுகாதார நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை, சாப்பாடுதான் என்றார். நோய் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மாலையே ஹர்தினி போன் செய்தாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அட்டையைப் படம் எடுத்து ருஸ்மிக்கு அனுப்பியது நான்தான். மறைக்கத் தெரியாது எனக்கு.

"பாக், நான் சண்டைக்கு வரல," என்றாள். "ருஸ்மிகிட்டயும் பேசிட்டேன். அவ அழுவுறா. அடுத்த எடையில பிள்ளை பழைய நானூறைத் தாண்டணும். தாண்டலன்னா அன்னிக்கே நான் காரை எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

"தாண்டுவா."

"எப்படி?"

"தாண்டுவான்னு சொன்னேன்ல."

வைத்துவிட்டேன். எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. நான் யாரிடமும் போய் யோசனை கேட்டதில்லை. அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு இபு எண்டார் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் கோழித்தீவனம் சலித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். மிட்டாய், துப்பியது, ஆணி, எல்லாவற்றையும்.

"லோடு லாரியில சடன் பிரேக் போடுவீங்களா?" என்று கேட்டார்.

"போட்டா லோடு முன்னால வந்து விழும்."

"அதைத்தான் பண்ணியிருக்கீங்க. சரி, நீங்க எங்க சாப்பிடுறீங்க?"

"நான் எதுக்கு? அடுப்படியில நின்னபடியே ரெண்டு கவளம் போட்டுக்குவேன்."

"அவ?"

"கூடத்துல. போன் பாத்துக்கிட்டு."

"யார் சாப்பிடுறதையும் அவ பாத்ததே இல்லை. அப்புறம் சாப்பிடுன்னா எப்படிச் சாப்பிடுவா?" சல்லடையைக் கீழே வைத்தார். "இனிமே பாய் போடுங்க. ரெண்டு பேரும் உக்காருங்க. நீங்க தின்னுறதையே அவளுக்கும் வைங்க, கொஞ்சமா. தின்னுன்னு சொல்லாதீங்க. அவ தட்டைப் பாக்காதீங்க. என்ன வைக்கிறது, எப்ப வைக்கிறது, இது உங்க வேலை. எவ்வளவு தின்னுறது அவ வேலை. அவ வேலையில நீங்க கை வைக்காதீங்க."

"ஒண்ணுமே தின்னலன்னா?"

"தட்டை எடுத்துடுங்க. திட்டாதீங்க. அடுத்த வேளை மறுபடியும் வைங்க. நடுவுல ரெண்டு தடவை வாழைப்பழமோ வேகவெச்ச கிழங்கோ. நாளுக்கு ஒரு முட்டை. நாள் முழுக்க நொறுக்குத் தீனி கூடாது. வயிறு காஞ்சாத்தான் கேக்கும்."

"இனிப்பு?"

"அடியோட நிறுத்தினா அவ நெனப்பு பூரா அதுலதான் இருக்கும். உங்க ஆணியைப் பாத்தீங்கல்ல. வாரத்துல ஒரு நாள் வாங்கிக் குடுங்க. நல்ல மனசோட குடுங்க."

"வாரம்னா அவளுக்குப் புரியாது. வாகேன்னா புரியும்."

எங்கள் சந்தை வாகே நாளில் கூடும். ஐந்து நாளுக்கு ஒரு முறை வரும். இபு எண்டார் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

"சரி, வாகே. ஒரே ஒரு சாமான், அவளே பொறுக்கட்டும். ஆனா ஒண்ணு பாக். அதைக் கூலியாக் குடுக்கக் கூடாது. சாப்பிட்டாலும் வாகே, சாப்பிடலன்னாலும் வாகே."

"இது என்ன நியாயம்? லோடு ஏத்தாதவனுக்கு வாடகையா?"

"கூலின்னு வெச்சீங்கன்னா சோறு வேலையாயிடும். வேலையை எவன் ஆசையாச் செய்வான்? நீங்க ஆசையாவா செஞ்சீங்க?"

முழுக்க நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். எடைக்கு இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது. வேறு வழியும் இருக்கவில்லை.

பாய் போட்டேன். போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். முதல் நாள் அவள் தட்டைத் தொடவில்லை. நான் என் சோற்றைச் சாப்பிட்டேன். முப்பது வருஷமாக நின்றே தின்றவனுக்கு உட்கார்ந்து தின்றால் முதுகு வலிக்கிறது. அவள் தட்டைப் பார்க்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பூனையிடம் பேசினேன். இந்தத் தெம்பே நல்லா முறுகலா இருக்கு, உனக்குக் குடுக்க மாட்டேன் என்று பூனையிடம் சொன்னேன்.

இரண்டாம் நாள் என் தட்டிலிருந்து ஒரு துண்டுத் தெம்பே காணாமல் போனது. நான் கவனிக்கவில்லை. கவனிக்காத மாதிரி இருப்பதில் நான் கெட்டிக்காரன். எடை மேடையில் கற்றது.

நாலாம் நாள் தன் தட்டிலிருந்தே எடுத்தாள். பரங்கிக்காயை முகர்ந்து பார்த்துவிட்டுப் பூனைக்கு வைத்தாள். பூனையும் தொடவில்லை. அடுத்த முறை முருங்கைக்கீரைச் சாற்றில் சோளமணி போட்டு வைத்தேன். சோளத்தை மட்டும் பொறுக்கினாள். அதற்கடுத்த முறை சோளத்தோடு ஒட்டிய கீரையும் உள்ளே போனது. முட்டை என்றால் ஒரு நாள் முழுசாகத் தின்பாள், ஒரு நாள் வெள்ளையை மட்டும், ஒரு நாள் தொடவே மாட்டாள். இதில் ஒரு ஒழுங்கும் கிடையாது. என் வேலை வைப்பது, வைத்தேன்.

முதல் வாகேயில் சந்தையை மூன்று சுற்றுச் சுற்றினாள். ஜவ்வுச்சர்க்கரை முறுக்குகிறவன் முன்னால் நின்றாள். செனில் விற்கிறவள் முன்னால் நின்றாள். வாழையிலையில் கலர் கலராகக் கொழுக்கட்டைத் துண்டு, மேலே தேங்காய்த்துருவல், அதற்குமேல் வெல்லப்பாகு. மறுபடி ஜவ்வுச்சர்க்கரை.

"எம்பா, ரெண்டு?"

"ஒண்ணு."

"சின்னதா ரெண்டு?"

"ஒண்ணு. பெருசா."

கடைசியில் செனில். சந்தை மூலையில் குந்தி உட்கார்ந்து விரலை நக்கி நக்கித் தின்றாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். சர்க்கரையைப் பார்த்தால் எனக்கு இப்போது எரிச்சல். இருந்தாலும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாகேக்கு முந்தின நாள்தான் சோதனை வந்தது. என்ன பிடிவாதமோ, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மாலையில் மீன் வறுத்து முள் எடுத்து வைத்தேன். தட்டைக் காலால் தள்ளினாள். குழம்பு பாயில் கொட்டியது. நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. "நாளைக்குச் சந்தையும் கிடையாது ஒண்ணும் கிடையாது" என்று வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பாயை அலசப் போனேன்.

காலையில் எழுந்து பார்த்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. போவோமா மாட்டோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வேலியோரம் சாமிஜான் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"நேத்து அவ்வளவு ஆட்டம் ஆடினாளே, இன்னிக்குச் சந்தையா?" என்றான். "நான்னா தொலைச்சிருப்பேன்."

"இன்னிக்கு வாகே," என்றேன். "நேத்து நேத்தோட போச்சு."

கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். நான் வார்த்தை மாற மாட்டேன் என்று அவள் அன்றைக்குத்தான் நம்பினாள் என்று நினைக்கிறேன். அன்று மதியம் இரண்டு தட்டுச் சோறு உள்ளே போனது. அதற்குப் பிறகு இனிப்பு எங்கே என்று தினமும் கேட்கிற பேச்சு நின்றது. விரலை மடக்கி, "எம்பா, இன்னும் மூணு தூக்கம்" என்பாள். அவ்வளவுதான்.

எடை நாளுக்கு முந்தின சாயங்காலம் சாமிஜான் வேலியைத் தாண்டியே வந்துவிட்டான்.

"மீன்வலை ஈயக்குண்டு நாலு இருக்கு. பாவாடை மடிப்புல தெச்சுவிட்டா யாருக்குத் தெரியும்? அரைக் கிலோ வரும். நாம பண்ணாததா?"

அந்தக் குண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வாங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கை தானாக எடை போட்டது. நானூற்று ஐம்பது இருக்கும்.

"கரும்புல மண்ணு வெச்சா ஆலைக்குத்தான் நட்டம்," என்றேன். "இதுல மண்ணு வெச்சா யாருக்கு?"

"பிள்ளை போயிடுவாளேடா."

"போகமாட்டா. சாப்பிடுறா. நான் கண்ணால பாக்குறேன்."

"தட்டைப் பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"ஓரக்கண்ணால."

மறுநாள் காலையில் ஹர்தினியின் கார் வந்து நின்றது. இறங்கும்போதே ஒரு பெரிய காலிப் பெட்டியை இறக்கி வாசலில் வைத்தாள். வெனிங்கின் துணிகளை வைப்பதற்கு. மறைக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைக்குப் புதுச் சட்டை, கனமான ஜாக்கெட், ரப்பர் பூட்ஸ் எல்லாம் வாங்கி வந்திருந்தாள். அங்கேயே மாட்டிவிட்டாள். வெனிங்குக்கு அந்த பூட்ஸைக் கழற்ற மனசே இல்லை. அதிலேயே தொப் தொப்பென்று நடந்து ஊர்த்தலைவர் வீட்டுக்கு வந்தாள்.

தொட்டிலில் உட்காரவைத்தோம். இபு எண்டார் குண்டை நகர்த்தினார். பதின்மூன்று கிலோ நூறு.

ஹர்தினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம். கூடத்தில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

"நிறுத்துங்க," என்றேன். "ஜாக்கெட்டைக் கழட்டணும். பூட்ஸையும்."

"விடுங்க பாக்," என்றாள் ஹர்தினி. "அது என்ன பெரிய எடை."

"அரைக் கிலோவுக்குக் குறையாது. கழட்டு."

இபு எண்டார் இரண்டையும் கழற்றினார். பூட்ஸுக்காக வெனிங் அழுதாள். அழுதுகொண்டே தொட்டிலில் உதைத்தாள். கோல் மேலும் கீழும் ஆடியது. குண்டை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. நானூறில் வைத்தார், கோல் ஏறியது. முந்நூறில் வைத்தார், ஏறி இறங்கியது. எத்தனையோ மேடையில் ஏறி நின்றிருக்கிறேன், ஒரு நாளும் இப்படிப் பயந்ததில்லை.

"வெனிங்," என்றேன். "நாளைக்கு என்ன நாள்?"

அழுகையை நிறுத்தி விரலை மடக்கினாள். எண்ணுகிறபோது அவள் அசைய மாட்டாள். கோலின் ஆட்டம் மெல்ல அடங்கி, இபு எண்டார் குண்டை நகர்த்தியதும் மட்டமாக நின்றது. பன்னிரண்டு கிலோ அறுநூறு.

இபு எண்டார் குனிந்து, பக்கவாட்டில் போய், மறுபடி பார்த்தார். ஹர்தினியைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னார். ஹர்தினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அறுநூறுதான்," என்றாள்.

அட்டையில் புள்ளி விழுந்தது. இன்னும் மஞ்சள்தான். ஆனால் கோடு மேலே திரும்பியிருந்தது, செங்குத்தாக.

வீட்டுக்கு வந்து ஹர்தினி ருஸ்மிக்குப் போன் போட்டாள். நான் அடுப்படியில் இருந்தேன். காதில் விழுந்தது. "இல்ல, அழாதே. ஏறியிருக்கா. நானே பாத்தேன். ஜாக்கெட்டைக்கூடக் கழட்டச் சொல்லிட்டாரு உங்கப்பா. இங்கயே இருக்கட்டும்."

நான் மூன்று பேருக்குச் சமைத்தேன். பாயில் உட்கார்ந்தோம். ஹர்தினி இரண்டு தடவை "வெனிங், கீரையையும் சாப்பிடு கண்ணு" என்று ஆரம்பித்தாள். இரண்டு தடவையும் நான் முறைத்தேன். அதற்கப்புறம் அவள் பூனையிடம் பேசினாள்.

புறப்படும்போது அந்தப் பெட்டியைத் தூக்கினாள். காலியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வாங்கி, கொல்லையிலிருந்து இரண்டு பப்பாளி, ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் கிழங்கு வைத்து மூடிக் கொடுத்தேன்.

"என் பையனுங்க பப்பாளியெல்லாம் தொட மாட்டானுங்க பாக்," என்றாள். "சின்னவன் சிப்ஸ் இல்லாம வாயே திறக்க மாட்டான்."

"வெட்டி மேசையில வை."

"வெச்சா?"

"தின்னுன்னு சொல்லாதே. நீ எடுத்துத் தின்னு."